கௌராசா: கோட்டையிலிருந்து தண்ணீருக்கு இறங்கும் மதிலுக்கு ஏன் கவசத்தின் பெயர்?

வேர்தேடி:
நண்பர்களே, போர்ச்சுகலின் கோயிம்பிரா நகர வரைபடத்தை ஆற அமரப் பார்த்துக்கொண்டிருந்தேன். மொந்தேகு ஆற்றங்கரையில் ஒரு குன்று. உச்சியில் பல்கலைக்கழகம், சரிவு முழுக்கப் பழைய ஊர். ஆற்றுப் பக்கத்திலிருந்து குன்றுக்கு ஏறும் செங்குத்தான தெருவின் பெயர் ‘கௌராசா த லிஷ்போவா’. வேறொரு சரிவில் ‘கௌராசா தூஸ் அப்போஸ்தொலூஷ்’.

அகராதியில் கௌராசா என்றால் மார்புக்கவசம் என்று போட்டிருக்கிறது. இரும்புத் தகடு போர்த்திய போர்க்கப்பலை ‘கௌராசாது’ என்கிறார்கள். கப்பலுக்குக் கவசம் இருப்பது புரிகிறது. தெருவுக்கு எதற்கு? ஸ்பானிய மொழியில் கவசத்துக்கு ‘கொராஸா’ என்ற சொல் இருக்கிறது. அது போக, கோட்டைகளைப் பற்றிய ஸ்பானியக் கட்டுரைகளில் ‘கொராச்சா’ என்று இன்னொன்று வருகிறது. இவை எல்லாம் ஒரே சொல்லா, வேறு வேறா? தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

மதிலேறி:
கவசத்தைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். கோட்டைக் கட்டுமானத்தில் கௌராசா, கொராச்சா இரண்டுமே ஒரு தனி உறுப்பின் பெயர். ஊரைச் சுற்றிய மதிலிலிருந்து கிளை போலப் பிரிந்து, வெளிப்பக்கமாக நீண்டு, ஆற்றிலோ ஊற்றிலோ கடலிலோ போய் முடியும் மதில் அது. நுனியில் பெரும்பாலும் ஒரு கோபுரம் நிற்கும்.

கோட்டையை மேட்டில் கட்டுவார்கள், தண்ணீர் பள்ளத்தில் இருக்கும். முற்றுகை வந்தால் உள்ளே இருப்பவர்களை வாளால் வெல்வதை விடத் தாகத்தால் வெல்வது எளிது. அதனால்தான் தண்ணீர்த்துறை வரைக்கும் ஒரு மதிலை இறக்கிவிடுகிறார்கள். ஆள் அதன் மேலே நடந்து போகலாம், அல்லது இரண்டு சுவராக எழுப்பி நடுவே போகலாம். எதிரி இரு பக்கத்திலிருந்தும் அடிக்க முடியும் என்பதால் தடுப்புச்சுவரும் இரு பக்கமும் வேண்டும்.

மாட்ரிட்டுக்கு வடக்கே புய்த்ராகோ என்று ஒரு சிற்றூர். லொசோயா ஆறு அதை மூன்று பக்கமும் வளைத்து ஓடுகிறது. அங்கே மதிலின் ஒரு முனை நேராகத் தண்ணீருக்குள் இறங்குவதை இன்றும் பார்க்கலாம். கொராச்சா என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு அந்த ஒரு படத்தைக் காட்டினால் போதும்.

சொல்வனத்தான்:
பிறப்பை நான் சொல்கிறேன். லத்தீனில் கொரியும் என்றால் தோல். தோலால் ஆனது ‘கொரியாசெயா’. தொடக்கத்தில் மார்புக்கவசம் தோலால்தான் செய்யப்பட்டது, இரும்பு பிறகு வந்தது. அந்தச் சொல்லிலிருந்துதான் ஸ்பானிய கொராஸா, போர்ச்சுகீசிய கௌராசா, பிரெஞ்சு கிய்ராஸ், இத்தாலிய கொராத்ஸா எல்லாம். இன்றைக்கும் தோலுக்குப் போர்ச்சுகீசியத்தில் கோரு, ஸ்பானியத்தில் குவேரோ.

ஆக, தோல், அப்புறம் தோல்கவசம், அப்புறம் இரும்புக்கவசம், அப்புறம் தண்ணீர் எடுக்கப் போகிறவனைக் காக்கும் மதில். உடம்பை மூடுவது போல வழியை மூடுகிறது. எனக்கு இதில் சிக்கல் எதுவும் தெரியவில்லை.

கடல்வழி:
ஐயா, எனக்குச் சிக்கல் தெரிகிறது. ஐபீரியத் தீபகற்பத்தின் கோட்டைச் சொற்களை வரிசையாக எடுத்துப் பாருங்கள். அரண்மனைக் கோட்டையாகிய அல்காசார், அரபு அல்-கஸ்ர். ஊரின் உள்கோட்டையாகிய அல்காசபா, அரபு அல்-கஸபா. காவற்கோபுரமாகிய அத்தலாயா அரபு. மதில்மேல் நடைபாதையாகிய அதார்வே அரபு. மதிலுக்கு வெளியே தனியாக நிற்கும் கோபுரம் அல்பர்ரானா, அதுவும் ‘வெளியே உள்ளது’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. ஊரின் கோட்டைக்கலை மொத்தமும் அரபியில் பேசும்போது கொராச்சா மட்டும் லத்தீனா? அந்தலூஸ், அதாவது முஸ்லிம்கள் ஆண்ட ஐபீரியாவின் அரபு நூல்களில் ‘கவ்ரஜா’ என்ற சொல் இதே பொருளில் வருகிறதே. அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

சொல்வனத்தான்:
கடல்வழி தம்பி, கவ்ரஜா அரபு நூல்களில் இருப்பது உண்மை. ஆனால் அந்தச் சொல் அரபியில் தனித்து நிற்கிறது. அரபுச் சொற்கள் மூன்று மெய்களைக் கொண்ட வேரிலிருந்து குடும்பமாகக் கிளைக்கும். அல்பர்ரானாவுக்கு அப்படி உறவுக்காரர்கள் நிறைய உண்டு. கவ்ரஜாவுக்குப் பக்கத்தில் பொருத்தமாக ஒரு வேரும் இல்லை.

இன்னொரு தடயம் ‘ச்ச’ ஒலியில் இருக்கிறது. முஸ்லிம் ஆட்சியில் இருந்த நகரங்களில் லத்தீன் வழிப் பேச்சுமொழி ஒன்றும் புழங்கியது. மொசாரபு என்பார்கள். இன்றைய ஸ்பானியத்தின் தாயான காஸ்டிலியப் பேச்சில் ‘ஸ’ போல மாறிய லத்தீன் ஒலி, இந்தத் தெற்குப் பேச்சில் ‘ச்ச’ என்று நின்றது. கூடைக்கு ஸ்பானியத்தில் ‘கபாச்சோ’ என்கிறார்களே, அதுவும் அப்படி வந்தது என்றுதான் சொல்வார்கள். ஒரே லத்தீன் சொல் காஸ்டிலியத்தில் கொராஸா ஆகி, தெற்கில் கொராச்சா ஆகியிருக்கிறது. செவ்வியல் அரபியில் ‘ச்ச’ ஒலி கிடையாது, பக்கத்து எழுத்தான ‘ஜ’வில்தான் எழுத முடியும். கொராச்சாவை அரபு எழுத்தில் எழுதினால் கிடைப்பது கவ்ரஜாதான்.

கடல்வழி:
அப்படியானால் கட்டியவர்கள் அரபு பேசியவர்கள், பெயர் மட்டும் உள்ளூர் லத்தீன் பேச்சிலிருந்து என்கிறீர்களா?

சொல்வனத்தான்:
ஆமாம். அதில் வியப்பு என்ன? நீங்கள் முதலில் சொன்ன அல்-கஸ்ரையே எடுங்கள். அதுவும் லத்தீனின் ‘காஸ்த்ரும்’ (பாசறை, கோட்டை) கிழக்கே ரோமப் பேரரசு வழியாக அரபிக்குப் போய், அரபியிலிருந்து ஐபீரியாவுக்கு வந்தது என்பதுதான் பொதுவான கருத்து. கோட்டைச் சொற்கள் படையோடு நடக்கும். எந்தப் பக்கத்துப் படை என்று பார்ப்பதில்லை.

நெய்தல்:
குறுக்கே ஒரு கேள்வி. ஸ்பானிய அகராதியில் கொராச்சாவைப் பார்த்தேன். அமெரிக்காவிலிருந்து புகையிலை, கொக்கோ போன்றவை கொண்டுவரப் பயன்பட்ட தோல்பை என்று இருக்கிறது. தோல்பையில் தண்ணீரும் சுமந்திருப்பார்கள் அல்லவா? தோல்பையோடு தண்ணீருக்குப் போகும் வழி என்பதால் மதிலுக்கு அந்தப் பெயர் வந்திருக்கலாமே?

சொல்வனத்தான்:
நல்ல யோசனை, ஆனால் காலம் இடிக்கிறது. மதிலைக் குறிக்கும் சொல் 12ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. புகையிலையும் கொக்கோவும் கொலம்பஸ் போன 1492க்குப் பிறகுதான் வர முடியும். இரண்டு சொல்லும் தோல் என்ற ஒரே தாயிடம் பிறந்து, தனித்தனியாக வளர்ந்தவை.

மதிலேறி:
12ஆம் நூற்றாண்டு என்றதும் சில்வெஸ் முற்றுகையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1189. போர்ச்சுகலின் தென்கோடியில் அல்கார்வ் பகுதி, அப்போது முஸ்லிம்கள் கையில். சிலுவைப் போருக்காகக் கடல்வழியே கிழக்கே போய்க்கொண்டிருந்த வட ஐரோப்பியர்களை அரசன் முதலாம் சாஞ்சு கூட்டு சேர்த்துக்கொண்டான். அந்தக் கப்பல்களில் வந்த ஒருவர் லத்தீனில் எழுதிவைத்த குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. பெயர் தெரியாத மனிதர்.

தண்ணீர் இருக்கும் இடம் வரை கோபுரங்களோடு இறங்கும் அரண் ஒன்றை அவர் சொல்கிறார். அதற்கு அந்த ஊரில் வழங்கிய பெயரையும், இந்தச் சொல்லையே, தன் காதில் விழுந்தபடி எழுதிவைத்திருக்கிறார். முற்றுகை போட்டவர்கள் அதைத்தான் குறிவைத்தார்கள். அடியில் குடைந்தார்கள். தண்ணீர் கைவிட்டுப் போனது. கோடை வெயில், உள்ளே ஊர் நிறைய மக்கள். செப்டம்பர் தொடக்கத்தில் சில்வெஸ் பணிந்தது. பிரதான மதிலை ஏறிப் பிடித்து வென்ற போர் இல்லை இது. இரண்டே வருடத்தில், 1191ல், அல்மொகாதுகள் (மொராக்கோவை ஆண்ட முஸ்லிம் அரசமரபினர்) திரும்பப் பிடித்துவிட்டார்கள் என்பது தனிக்கதை.

ஒரு மதில் எதற்காகக் கட்டப்பட்டது என்பதை எதிரி எங்கே அடித்தான் என்று பார்த்தே சொல்லிவிடலாம். இந்தச் சொல்லின் பொருளுக்கு இதை விடப் பழைய சாட்சி வேண்டுமா?

குன்றக்குரல்:
இழையை இப்போதுதான் பார்த்தேன். எல்லோரும் தண்ணீர், தண்ணீர் என்கிறீர்கள். தெற்கு ஸ்பெயினின் மாலகாவைப் பாருங்கள். அங்கே கீழே அல்காசபா, மேலே மலையுச்சியில் ஹிப்ரால்ஃபாரோ கோட்டை. இரண்டையும் இணைத்து மலைச்சரிவில் கோணல்மாணலாக ஏறும் இரட்டை மதிலுக்குத்தான் ‘லா கொராச்சா’ என்று பெயர். கிரனாதாவின் நஸ்ரித் சுல்தான் முதலாம் யூசுப் காலத்தது, 14ஆம் நூற்றாண்டு. அதில் ஆறும் இல்லை, கடலும் இல்லை. கோட்டைக்கும் கோட்டைக்கும் நடுவே பாதுகாப்பான வழி. ஆகவே கொராச்சா என்றால் ‘மூடிய இணைப்புவழி’ என்பதுதான் சரியான பொருள். தண்ணீர் ஒரு பயன், அவ்வளவே.

மதிலேறி:
மாலகா ஒரு விதிவிலக்கு. நூறு ஊரில் தண்ணீருக்கு இறங்கும் மதிலுக்கு வழங்கிய பெயர், ஒரு ஊரில் மலைக்கு ஏறும் மதிலுக்கும் ஒட்டிக்கொண்டது. வடிவம் ஒத்துப்போனதால் பெயர் போயிருக்கிறது. அதை வைத்து மூலப்பொருளை மாற்றக்கூடாது.

குன்றக்குரல்:
செவில்யா? பொற்கோபுரத்தை எல்லோரும் படத்தில் பார்த்திருப்பீர்கள். 1220-21ல் அல்மொகாதுகள் கட்டிய பன்னிரண்டு பட்டைக் கோபுரம், குவாதல்கிவிர் ஆற்றின் விளிம்பில். அதை நகர மதிலோடு இணைத்த சுவரையும் கொராச்சா என்றுதான் எழுதுகிறார்கள். அங்கே நோக்கம் குடிதண்ணீரா? ஆற்றில் வரும் கப்பலையும் துறையையும் கட்டுப்படுத்துவதுதானே!

மதிலேறி:
இது என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது நண்பரே. செவில்யாவின் மதில் தண்ணீரில்தான் முடிகிறது. குடிக்கவா, கப்பல் நிறுத்தவா என்பது அடுத்த கேள்வி.

கடல்வழி:
அந்த அடுத்த கேள்விக்குப் பதில் மொராக்கோவில் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாஞ்சியருக்கும் சியூத்தாவுக்கும் நடுவே, ஜிப்ரால்டர் நீரிணையை ஒட்டி ‘அல்-கஸ்ர் அஸ்-ஸகீர்’ என்று ஒரு சிற்றூர். சின்னக் கோட்டை என்று பொருள். போர்ச்சுகீசியர் வாயில் அது ‘அல்காசெர் செகெர்’ ஆனது. இன்று பக்கத்திலேயே தாஞ்சியர்-மெத் பெருந்துறைமுகம் இருக்கிறது. மொராக்கோவை ஆண்ட மரீனித் மரபு அரசர்கள் கட்டிய மதில் கிட்டத்தட்ட முழு வட்டம், குறுக்கே சுமார் 200 மீட்டர். அவ்வளவுதான் ஊர். பக்கத்தில் ஒரு சிற்றாறு கடலில் கலக்கிறது.

1458 அக்டோபரில் போர்ச்சுகல் அரசன் ஐந்தாம் அஃபோன்சு இதைப் பிடித்தான். துவார்த் த மெனெசெஸ் என்பவரைத் தளபதியாக வைத்தான். சில வாரங்களில் மொராக்கோவின் ஃபெஸ் நகரத்துச் சுல்தானின் படை வந்து வளைத்துக்கொண்டது. போர்ச்சுகீசியருக்குக் கடலில் கப்பல் இருக்கிறது, கோட்டைக்குள் ஆள் இருக்கிறார்கள். நடுவே கடற்கரை மணல். அந்த மணலில் எதிரி நிற்கிறான். கண்ணெதிரே கப்பல் நிற்க, ஒரு மூட்டை மாவை உள்ளே கொண்டுவர முடியாத நிலை. எப்படியோ தாக்குப்பிடித்து, முற்றுகை 1459 தொடக்கத்தில் விலகியது.

மெனெசெஸ் செய்த முதல் பெரிய வேலை கௌராசா கட்டியதுதான். வட்ட மதிலிலிருந்து கடல் வரை இரண்டு இணைச்சுவர், நடுவே நடைவழி, நுனியில் அரண். அந்த ஆண்டு கோடையிலேயே சுல்தான் படை திரும்ப வந்தது. இந்த முறை கப்பலிலிருந்து கோட்டைக்குள் வரப் பாதுகாப்பான வழி இருந்தது. முற்றுகை தோற்றது. அதன் பிறகு போர்ச்சுகீசியர் அங்கே 1550 வரை இருந்தார்கள்.

இங்கே கௌராசாவின் பொருள் திரும்புவதைக் கவனியுங்கள். பழைய கோட்டைகளில் அது குடிதண்ணீரைத் தேடி வெளியே போகும் கை. ஆப்பிரிக்கக் கரையில் அதே மதில் கடலைத் தேடிப் போகிறது. சுற்றிலும் எதிரி நாடு, சோறு, மருந்து, ஆள், வெடிமருந்து எல்லாம் கடல் வழியாகத்தான் வர வேண்டும். உள்ளே இருப்பவனுக்கு உயிர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் கௌராசா நீள்கிறது. குன்றக்குரல் அண்ணன் சொன்ன ‘மூடிய வழி’யும் மதிலேறி சொன்ன தண்ணீரும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன.

மெனெசெஸைப் பற்றி இன்னொன்று. 1464ல் அரசன் பின்வாங்கத் துணையாக நின்று உயிர் விட்டார். உடலில் மிஞ்சியது ஒரு பல் மட்டும் என்பார்கள். சாந்தாரெங் ஊரில் அவர் மனைவி எழுப்பிய கல்லறை அவ்வளவு பெரிய வேலைப்பாடு, அந்தப் பல்லுக்காக.

நெய்தல்:
கண் கலங்கிவிட்டது கடல்வழி. அந்த கௌராசா இன்னும் நிற்கிறதா?

கடல்வழி:
இடிபாடாக நிற்கிறது. 1970களில் சார்லஸ் ரெட்மன் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் தலைமையில் அந்த ஊரைத் தோண்டினார்கள். கீழே இஸ்லாமிய ஊர், அதன் மேல் போர்ச்சுகீசிய ஊர் என்று அடுக்கடுக்காகக் கிடைத்தது. பள்ளிவாசல் தேவாலயம் ஆனதைக் கூடச் சுவரில் காட்ட முடிகிறது. 1550ல் கைவிட்ட பிறகு மேலே பெரிய ஊர் எதுவும் எழவில்லை, அதனால் தப்பியது.

அஸீலாவிலும் (போர்ச்சுகீசியருக்கு அர்ஸிலா, 1471ல் பிடித்தது) கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மதில் உண்டு. அதுவும் கௌராசாதான். 1514ல் கட்டடக் கலைஞர் பொய்தாக் இந்த வட ஆப்பிரிக்கக் கோட்டைகளுக்கு வந்து, நடந்த வேலைகளை அளந்து கணக்கெடுத்தார். லிஸ்பனின் ஜெரோனிமோஸ் மடத்தைத் தொடங்கியவர் அவர்தான்.

மதிலேறி:
சியூத்தாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1415ல் போர்ச்சுகீசியர் பிடித்தது, 17ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் வசம் போனது. அங்கே பெரிய மதிலின் ஒரு பகுதிக்கு ‘கொராஸா ஆல்தா’ என்று பெயர். மேல் கொராஸா. போர்ச்சுகீசிய கௌராசாவை ஸ்பானியர் தங்களுடைய கொராச்சாவாக மாற்றாமல், கவசமாகிய கொராஸாவாகவே எழுதிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

சொல்வனத்தான்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். கௌராசா, கொராச்சா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 1954லேயே ரொபேர் ரிகார் என்ற பிரெஞ்சு அறிஞர் நீண்ட ஆய்வு எழுதினார். போர்ச்சுகீசியத்தில் மதிலுக்கும் கவசத்துக்கும் ஒரே வடிவம், ஸ்பானியத்தில் இரண்டு வடிவம். இதனால்தான் வேர்தேடி அகராதியில் குழம்பினார். ஸ்பானியம் தெற்குப் பேச்சிலிருந்து வந்த வடிவத்தை மதிலுக்கென்று தனியாக வைத்துக்கொண்டது. போர்ச்சுகீசியருக்கு அந்தப் பிரிவு வேண்டியிருக்கவில்லை, காதுக்குப் பழகிய கவசச் சொல்லோடு கலந்துவிட்டது.

குன்றக்குரல்:
அல்பர்ரானாவும் கொராச்சாவும் ஒன்று என்று சிலர் எழுதுகிறார்களே, அது சரியா?

மதிலேறி:
சரியில்லை. அல்பர்ரானா என்பது மதிலை விட்டுத் தள்ளி நிற்கும் கோபுரம். மதிலோடு ஒரு வளைவோ சிறு பாலமோ இணைக்கும். கோபுரம் எதிரி கைக்குப் போனால் பாலத்தைத் துண்டித்துவிட்டு மதிலைக் காக்கலாம். ஸ்பெயினின் பதாஹோஸ் நகரில் ‘எஸ்பாந்தாபெர்ரோஸ்’ என்ற எண்பட்டைக் கோபுரம் நல்ல உதாரணம். கொராச்சா சுவர், அல்பர்ரானா கோபுரம். கொராச்சாவின் நுனியில் அல்பர்ரானா நிற்கலாம், செவில்யாவில் அப்படித்தான். அதனால்தான் குழப்பம்.

நெய்தல்:
மெர்த்தொலாவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! போர்ச்சுகலின் தெற்கில், குவாதியானா ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். ஆற்றுக்குள் தடிமனான கல் தூண்கள் வரிசையாக இறங்கி, திடீரென்று நின்றுவிடுகின்றன. ஊர்க்காரர்கள் அதை ரோமானியப் பாலம் என்பார்கள். மறுகரையில் தொடர்ச்சியே கிடையாது, பாதியில் நின்ற பாலம் என்று பல காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது பாலமே இல்லை. வளைவுகளால் இணைந்த தூண்கள் மேல் ஒரு நடைவழி, நுனியில் ஆற்றுக்கோபுரம், ‘தோரி தூ ரியு’. முற்றுகை நேரத்தில் ஆற்றை எட்டவும் துறையைக் காக்கவும் எழுப்பிய அரண். ரோம ஆட்சியின் கடைசிக் காலத்தது என்கிறார்கள்.

சொல்வனத்தான்:
அருமையான சேர்க்கை நெய்தல். அரபும் கொராச்சாவும் வருவதற்கு முன்பே அந்த உறுப்பு இருந்திருக்கிறது. பெயர்தான் பிறகு வந்திருக்கிறது. கிரனாதாவில் தாரோ ஆற்றோரம் பாதி வளைவோடு நிற்கும் ‘காதியின் பாலம்’ என்பதும் இதே கதை. 11ஆம் நூற்றாண்டு வேலை. மேலே கோட்டைக்குத் தண்ணீர் எடுக்க வழி செய்த கொராச்சாவின் பகுதி, பார்ப்பவர் கண்ணுக்குப் பாலமாகத் தெரிகிறது.

வேர்தேடி:
இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. இரண்டு கேள்வி பாக்கி. கோயிம்பிராத் தெருக்கள்? அப்புறம், இந்த உறுப்பு ஏன் மறைந்தது?

கடல்வழி:
மறைந்ததற்குப் பீரங்கி ஒரு காரணம். நீண்டு மெலிந்த சுவர் குண்டுக்கு எளிய இலக்கு. 1541ல் போர்ச்சுகீசியர் மொராக்கோக் கரையில் அகாதீரை இழந்து, சாஃபியையும் அஸெம்மூரையும் தாங்களே விட்டு வெளியேறி, மஸகானில் (இன்றைய எல் ஜதீதா) புதிதாகக் கட்டினார்கள். கொத்தளங்கள் வைத்த புதுப்பாணிக் கோட்டை, கடலையே ஒட்டி, கடல்நீர் நிரம்பும் அகழியோடு. கடலுக்கு வாசல் கோட்டையிலேயே இருக்கிறது, குடிதண்ணீருக்கு உள்ளேயே பெரிய நிலத்தடித் தொட்டி. கடலும் குடிநீரும் மதிலுக்குள் வந்துவிட்டால் வெளியே கை நீட்ட வேண்டியதில்லை.

மதிலேறி:
கோயிம்பிராவுக்கு என் பதில். கௌராசா த லிஷ்போவா தெரு பழைய மதிலை ஒட்டியே ஏறுகிறது. அதன் கீழ்முனைப் பக்கம் பெல்கோஸ் வாசல் இருந்தது, ஆறும் பாலமும் அருகே. லிஸ்பனுக்குப் போகும் சாலை அந்தத் திசையில். அப்போஸ்தொலூஷ் தெருவுக்குப் பெயர் இயேசு சபையாரால் வந்தது. போர்ச்சுகலில் அவர்களை ‘அப்போஸ்தலர்’ என்றுதான் அழைத்தார்கள், அவர்களுடைய கல்லூரி அந்த மேட்டில்தான் இருந்தது. இரண்டிலும் கௌராசா என்பது மதிலோரச் சரிவு என்ற அளவுக்குத் தளர்ந்துவிட்டது.

நெய்தல்:
தமிழுக்குப் போர்ச்சுகீசியர் சாவி, ஜன்னல், அலமாரி, வராந்தா, பீப்பாய் எல்லாம் கொடுத்தார்கள். கௌராசா வரவில்லையா?

சொல்வனத்தான்:
நான் அறிந்து இல்லை. சந்தையிலும் வீட்டிலும் கைமாறியவை வந்தன. மதிலுக்கும் கொத்தளத்துக்கும் நம்மிடம் சொல் ஏற்கெனவே இருந்தது.

வேர்தேடி:
சரி, ஒரே பயணத்தில் பார்க்க வேண்டுமென்றால் எதை முதலில் பார்ப்பது?

கடல்வழி:
மெர்த்தொலா. கோடை வேண்டாம், வசந்தத்தில் போங்கள். கோட்டை மேட்டில் நின்று தூண்களைப் பாருங்கள், பிறகு ஆற்றோரம் இறங்கிப் பாருங்கள். அங்கிருந்து தெற்கே சில்வெஸ், பேருந்து குறைவு, கார் எடுத்தால் நல்லது. அல்-கஸ்ர் அஸ்-ஸகீருக்குத் தாஞ்சியரிலிருந்து பகிர்வு டாக்ஸி கிடைக்கும்.